ஆஸ்துமாக் குழந்தைகளின் கோடை முகாம்

அமெரிக்கப் பள்ளிகள் கோடைக்குப் பூட்டினால் திறக்கச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். அந்த விடுமுறையில் ஒரு பகுதியை வீட்டை விட்டு விலகி, ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ மற்றப் பிள்ளைகளோடு மரக்குடிலில் தங்கிக் கழிப்பது அங்கே தலைமுறைகள் கண்ட வழக்கம். 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரடெரிக் கன் என்ற பள்ளித் தலைவர் தம் மாணவர்களைக் கடற்கரை வரை நடத்தியே அழைத்துப் போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நீச்சல், படகு, குதிரை, இரவில் நெருப்பைச் சுற்றிப் பாட்டும் கதையும், அம்மா அருகில் இல்லாத முதல் உறக்கம் என எல்லாம் சேர்ந்ததே கோடை முகாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வெகுகாலம் இதற்கு வெளியே நின்றார்கள். முகாம் நடத்துவோர் அவர்களைச் சேர்க்க அஞ்சினார்கள். பெற்றோர் அனுப்ப அஞ்சினார்கள்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் சற்று அழற்சியுற்றே இருக்கும். வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், கெட்டியான சளி ஊறும். காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கடினம். நெஞ்சில் விசில் சத்தம் கேட்பது அதனால்தான். பழைய பாணி முகாமில் இந்தத் தூண்டல்கள் ஒன்று விடாமல் கூடியிருந்தன. பழைய மெத்தையில் தூசிப்பூச்சி, ஈரமான மரச்சுவரில் பூஞ்சை, லாயத்தில் குதிரை முடியும் வைக்கோல் தூசும், இரவில் விறகுப் புகை, விடியற்காலையில் குளிர்காற்று, எல்லாவற்றுக்கும் மேலாக ஓட்டம். ஆகஸ்ட் நடுவில் ராக்வீட் பூக்கத் தொடங்கும். நம் ஊர்ப் பார்த்தீனியத்துக்கு நெருங்கிய உறவான இந்தக் களையின் மகரந்தம், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் நடுப்பகுதியிலும் லட்சக்கணக்கானோரைத் தும்மவைக்கிறது.

ஓட்டம் ஏன் மூச்சைப் பிடிக்கிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். ஓடும் பிள்ளை வாயால் மூச்சு வாங்குகிறது. மூக்கு வழியே போயிருந்தால் வெதுவெதுப்பும் ஈரமும் பெற்றிருக்கும் காற்று, குளிர்ந்தும் உலர்ந்தும் நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. மூச்சுக்குழாயின் மேற்பரப்பு ஈரம் இழக்கிறது; அங்குள்ள செல்கள் இறுக்கத்தை உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. ஓட்டம் நின்ற சில நிமிடங்களில்தான் இழுப்பு உச்சத்தை அடையும். ஓடும்போது நன்றாக இருந்த பிள்ளை ஆட்டம் முடிந்த பிறகு மைதான ஓரத்தில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆசிரியர்கள் பலர் நடிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். இப்படி ஒருமுறை சந்தேகிக்கப்பட்ட குழந்தை அடுத்த முறை தானாகவே ஒதுங்கி உட்கார்ந்துவிடும். நோய் எடுத்துக்கொண்டதைவிட இந்த ஒதுக்கம் எடுத்துக்கொண்டது அதிகம்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும் முன்பு நல்ல மருந்து இருக்கவில்லை. 1858இல் பிறந்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், சிறு வயதில் கடும் ஆஸ்துமாவால் துன்பப்பட்டார். மூச்சு முட்டிய இரவுகளில் தந்தை அவரைத் தூக்கி நடந்தார். குதிரை வண்டியில் ஏற்றி நியூயார்க் தெருக்களில் ஓட்டிச் சென்று முகத்தில் காற்றுப் படச் செய்தார். கடுங்காப்பி கொடுத்தார்கள், சுருட்டுக்கூடப் புகைக்கச் செய்தார்கள். காப்பியில் ஓரளவு பயன் இருந்தது. அதிலுள்ள காஃபீன், பிற்காலத்தில் ஆஸ்துமாவுக்குத் தரப்பட்ட தியோஃபிலினின் உறவு. அந்தக் காலத்தின் இன்னொரு மருந்தான ஊமத்தைப் புகை சென்னையிலிருந்து மேற்கே போனது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஊமத்தை வேரைப் புகைக்கும் இங்குள்ள முறையை ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அவர் 1802இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ஊமத்தைச் சுருட்டு அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் விற்றது.

குழந்தையை வீட்டை விட்டு வெளியே அனுப்புவதே மருந்து என்ற எண்ணம் முகாம்களுக்கு முன்பே பிறந்துவிட்டது. அதன் களம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றும் வெயிலுமாக இருந்த அந்த ஊருக்குக் காசநோயாளிகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காக 1907இல் தொடங்கப்பட்ட யூதக் குழந்தைகள் இல்லம், காசநோய் குறைந்த பிறகு, எந்த மருந்துக்கும் அடங்காத ஆஸ்துமாவுள்ள குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. இதற்கு வழிகாட்டியவர் நியூயார்க்கின் ஒவ்வாமை மருத்துவர் மரே பெஷ்கின். மருத்துவமனையில் தேறும் குழந்தை வீடு திரும்பியதும் மறுபடி சாய்வதைத் திரும்பத் திரும்பக் கண்ட அவர், வீட்டிலேயே கோளாறு இருக்கிறது என்றார். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுப்பதற்கு அறுவை சிகிச்சையின் பெயர்போல் ஒலிக்கும் ஒரு பெயரையும் சூட்டினார். பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகள்கூட டென்வரில் தங்கினார்கள். பலர் தேறினார்கள். தேறியதற்கான காரணத்தைப் பெரும்பாலும் தாயின் பதற்றத்தில் தேடினார்கள்.

அந்தத் தேடலில் தாய்மார்களுக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்குப் பெரும் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி என்பதை 1964இல் நெதர்லாந்தில் ஃபோர்ஹோர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். ஈரம் இல்லாமல் அந்தப் பூச்சி வாழாது. டென்வரின் வறண்ட உயரத்தில் அது அரிது. வீட்டை விட்டுப் போன குழந்தை தாயை மட்டும் விட்டுப் போகவில்லை. தூசிப்பூச்சியை, பூனையை, அப்பாவின் சிகரெட்டையும் சேர்த்தே விட்டுப் போனது. 1960களின் இறுதியில், அந்த இல்லத்திலிருந்து வளர்ந்த டென்வர் ஆய்வு நிறுவனத்தின் உளவியலாளர்களே ஒரு சோதனை செய்தார்கள். குழந்தையை வீட்டிலேயே வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் குடும்பத்தாரை இரண்டு வாரம் விடுதியில் தங்கவைத்தார்கள். சிலருக்கு இழுப்பு குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. மனக்கலக்கம் மூச்சைப் பிடிப்பது உண்மை. ஆனால் அது பல தூண்டல்களில் ஒன்று. அதே நிறுவனத்தில்தான் 1966இல் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதியர் ஒவ்வாமைக்குப் பின்னால் உள்ள ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். நோயின் வேர் உடலில் இருப்பது தெளிவாகத் தெளிவாக, பெற்றோர்மேல் சுமத்திய பழி மெல்லத் தளர்ந்தது.

இந்தச் சூழலில்தான் முகாம்கள் வந்தன. நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளுக்குத் தனி முகாம் என்ற யோசனை அப்போது புதிதன்று. நீரிழிவுக் குழந்தைகளுக்கு இன்சுலின் வந்த சில ஆண்டுகளிலேயே, 1920களில், மிச்சிகனில் முகாம் நடந்திருந்தது. ஆஸ்துமாவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகர ஒவ்வாமை மருத்துவர் மெர்ல் ஷெர். ஆஸ்துமாக் குழந்தை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்பது வைத்திய விதியாகவே இருந்த காலத்தில் அவர் உடற்பயிற்சி தந்து பார்த்து, 1958இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அதைப் பற்றி எழுதினார். 1960களின் பிற்பகுதியில் ரெட் ஹவுஸ் என்ற சிற்றூரில் ப்ராங்கோ ஜங்ஷன் என்ற முகாமைத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் பல மாநிலங்களில் இத்தகைய முகாம்கள் தோன்றின.

பலவற்றை நடத்தியவை நுரையீரல் சங்கங்கள். 1904இல் காசநோய் ஒழிப்புக்காகத் தொடங்கப்பட்டு, 1907இல் எமிலி பிஸ்ஸெல் என்பவர் நன்கொடை திரட்ட டெலவேரில் அறிமுகப்படுத்திய கிறிஸ்துமஸ் ஒட்டுவில்லைகளை விற்று வளர்ந்த தேசியச் சங்கம், காசநோய் மருந்துக்குக் கட்டுப்பட்ட பிறகு மற்ற நுரையீரல் நோய்களின் பக்கம் திரும்பி, 1973இல் அமெரிக்க நுரையீரல் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. காசநோய்க்காக ஊர் ஊராகத் திரட்டப்பட்ட தொண்டர்களும் நன்கொடைப் பழக்கமும் இப்படி ஆஸ்துமாக் குழந்தைகளுக்குப் பயன்பட்டன.

மனம் மட்டும் இருந்து மருந்து இல்லாவிட்டால் இவை நடந்திருக்காது. சட்டைப்பையில் அடங்கும் மருந்து வேண்டியிருந்தது, அதற்கு வழி திறந்ததும் ஒரு குழந்தையே. 1955இல், ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் ஆஸ்துமாவுள்ள 13 வயது மகள், கூந்தலுக்கு அடிக்கும் ஸ்ப்ரேபோலத் தன் மருந்து ஏன் டப்பாவில் வரக் கூடாது என்று கேட்டாள். ரப்பர்க் குமிழை அமுக்கி மருந்தை உள்ளிழுக்கும் அந்தக் காலக் கண்ணாடிக் கருவி உடையக்கூடியது, ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு தருவது. மறு ஆண்டே, 1956இல், அழுத்தினால் சரியான அளவு மருந்து வரும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. 1969இல் பிரிட்டனில் சால்பியூட்டமால் வந்தது. இதயத்தைப் பெரிதும் படபடக்கவைக்காமல் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்தியது.

மூன்றாவது மருந்தின் கதை முகாமோடே தொடர்புடையது. ஆர்தர் ரான்சம் 1930இல் வெளியிட்ட ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலில் பிள்ளைகள் தாமாகவே படகோட்டிப் போய்த் தீவொன்றில் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். அவர்களில் கடைக்குட்டியான ராஜர், சிரியாவின் அலெப்போவில் வளர்ந்த ராஜர் ஆல்டுன்யன் என்ற நிஜச் சிறுவனின் பெயரையும் சாயலையும் கொண்டவன். அந்தச் சிறுவன் பின்னாளில் மருத்துவரானார். ஆஸ்துமா அவரையும் பிடித்தது. எகிப்திலும் சிரியாவிலும் வழங்கிய கெல்லா மூலிகையிலிருந்து பிறந்த சேர்மங்களை அவர் தம் உடம்பிலேயே சோதித்தார். தமக்கு ஒவ்வாத கினிப்பன்றி முடியின் சாற்றை மூச்சில் இழுத்து, வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்து, எந்தச் சேர்மம் அதைத் தடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1965இல் அவர் கண்ட குரோமோகிளைகேட் 1968இல் பிரிட்டனிலும் 1973இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. விளையாட்டுக்கு முன்பு இதை இழுத்துக்கொண்டால் ஓட்டத்தால் வரும் இழுப்பு பெரிதும் தணியும். உலகெங்கும் பிள்ளைகளைக் கூடாரத்துக்கு ஏங்கவைத்த கதையின் சிறுவனே, மூச்சு முட்டும் பிள்ளைகள் கூடாரத்துக்குப் போகவும் வழி செய்தார்.

முகாம் வாழ்வு மருந்துப் பையைத் திறப்பதில் தொடங்குகிறது. வந்திறங்கும் பிள்ளையிடம் செவிலி உட்கார்ந்து, என்ன மருந்து, எப்போது, கடைசியாக எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்று கேட்பார். பெற்றோர் அருகில் நின்றாலும் கேள்வி பிள்ளையை நோக்கியே வரும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பலருக்கு இப்படி நேராகக் கேட்கப்படுவது முதல்முறை. அடுத்து, இன்ஹேலரை எப்படி இழுக்கிறாய், காட்டு என்பார். பெரும்பாலோர் தவறாகவே இழுப்பார்கள்: குலுக்க மறப்பார்கள், மருந்து வெளிவரும் முன்பே மூச்சை இழுத்து முடிப்பார்கள், உடனே வெளியே விட்டுவிடுவார்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை உள்ளே நிறுத்துவதைக் கற்றுத் தருவார்கள். சிறியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குழல் இணைக்கப்படும். ஆண்டுக்கணக்கில் தொண்டையில் படிந்து வீணான மருந்து அப்போதுதான் நெஞ்சுக்குப் போகத் தொடங்கும்.

காலை எழுந்ததும் பீக் ஃப்ளோ மீட்டர். மார்ட்டின் ரைட் என்பவர் 1950களின் இறுதியில் உருவாக்கிய கருவியின் மலிவான பிளாஸ்டிக் வடிவம் இது. ஒரே மூச்சில் பலமாக ஊதினால் முள் நகர்ந்து, மூச்சு வெளிவரும் வேகத்தைக் காட்டும் ஓர் எண்ணில் நிற்கும். தன் சிறந்த அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பச்சை, 50க்கும் 80க்கும் இடையில் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. பச்சையில் உள்ளவர் விளையாடப் போகலாம். மஞ்சள் என்றால் மருந்து எடுத்துக்கொண்டு மறுபடி ஊதிப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவக் குடில். நெஞ்சு இறுகுவதை உணரும் முன்பே முள் கீழே இறங்குவது உண்டு. இந்த எண் பிள்ளையின் கைக்கு வந்தது பெரிய மாற்றம். அதுவரை முடியவில்லை என்று சொன்னால் பெரியவர்கள் நம்ப வேண்டும் அல்லது நம்பாமல் விட வேண்டும். இப்போது பிள்ளையால் எண்ணைக் காட்ட முடிந்தது.

காலை உணவுக்குப் பின் மருந்து வரிசை. வீட்டிலும் பள்ளியிலும் ஒளித்து இழுத்துக்கொண்ட இன்ஹேலரை இங்கே எல்லாரும் எல்லார் முன்னாலும் இழுக்கிறார்கள். குடிலுக்கு, மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் நெபுலைசர் ஒன்று இருந்தால் அதன் இரைச்சலுக்கு நடுவே சீட்டாட்டம் நடக்கும். வகுப்பில் தான் ஒருவனுக்கே இந்த நோய் என்று எண்ணியிருந்த பிள்ளை, பக்கத்துக் கட்டிலில் அதே விசில் சத்தத்தைக் கேட்கிறது. எந்த மருந்து கசக்கும், எதைக் குடித்தால் கை நடுங்கும் என்று மருத்துவருக்குத் தெரியாத நுணுக்கத்தோடு பேசிக்கொள்கிறார்கள். 1970களிலும் 80களிலும் பலர் தியோஃபிலின் எடுத்தார்கள். குமட்டலும் தூக்கமின்மையும் படபடப்பும் தருவது அது. பள்ளியில் அமைதியற்ற பிள்ளை என்று பெயர் வாங்கிய சிலருக்கு, அது தம் குணமன்று, மருந்தின் வேலை என்று இத்தகைய பேச்சில்தான் தெரிந்தது.

பாடம் விளையாட்டாகவே நடக்கும். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நடக்கச் சொல்லித் தொண்டர்களுக்கு இழுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகளே உணர்த்துவார்கள். விளையாட்டுகளில் நீச்சலுக்கு முதலிடம். நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்று ஈரமானது. அதனால் அதே அளவு உழைப்பில் ஓட்டத்தைவிட நீச்சலில் இழுப்பு குறைவு. மற்ற ஆட்டங்களுக்குக் கால் மணி நேரத்துக்கு முன் மருந்து, பிறகு மெதுவான தொடக்கம். சிறிது சிறிதாக உழைத்து உடம்பைப் பழக்கினால், பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் இழுப்பு எளிதில் வருவதில்லை. விறகுத் தீ மட்டும் பெரும்பாலும் கிடையாது. டார்ச் விளக்குகளின்மேல் சிவப்பு, மஞ்சள் தாளைச் சுற்றி நடுவில் வைத்துச் சுற்றிலும் அமர்ந்து பாடுவார்கள். பிள்ளைகள் அதைக் குறையாக எண்ணியதில்லை.

இரவுதான் கடினம். ஆஸ்துமா பொதுவாக நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் மோசமாகும். வீட்டில் அந்த நேரத்தில் அம்மா முதுகைத் தடவுவாள். முகாமில் விழித்தெழும் பிள்ளைக்கு வீட்டு ஏக்கமும் இழுப்பும் ஒன்றாக வரும். அழுகை இழுப்பை மேலும் கூட்டும். அதனால் குடிலில் உறங்கும் வழிகாட்டிகளுக்கு இருமலின் வித்தியாசங்களைச் சொல்லித் தந்திருப்பார்கள். செவிலியோ சுவாச சிகிச்சையாளரோ இரவு முழுவதும் விழித்திருப்பார். பதின்வயது வழிகாட்டிகளில் பலர் முன்பு அதே முகாமில் பிள்ளைகளாக இருந்தவர்கள். பயப்படாதே என்று வெள்ளை அங்கி சொல்வதற்கும், தன் இன்ஹேலரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டும் பதினேழு வயது அண்ணன் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள்.

முகாம்களில் சொல்லத் தகுந்த விளையாட்டு வரலாறும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 16 வயது ரிக் டிமாண்ட் 400 மீட்டர் நீச்சலில் வென்ற தங்கம், அவர் எடுத்த ஆஸ்துமா மருந்தில் தடைசெய்யப்பட்ட எபிட்ரின் இருந்ததால் பறிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில், அமெரிக்க அணியின் 597 பேரை முன்கூட்டியே சோதித்தபோது 67 பேருக்கு உடற்பயிற்சியால் வரும் இழுப்பு இருந்தது. உரிய மருந்தோடு ஆடிய அந்த 67 பேர் 41 பதக்கங்களை வென்றார்கள். 1988இல் சியோலில் 7,291 புள்ளிகளோடு ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் உலகச் சாதனை படைத்த ஜாக்கி ஜாய்னர் கெர்சியும் ஆஸ்துமா உள்ளவர்.

பெஷ்கினின் காலத்து இல்லமும் கோடை முகாமும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியலாம்: இரண்டுமே பிள்ளையை வீட்டிலிருந்து விலக்குகின்றன. இல்லம் பிள்ளையை நல்ல காற்றில் வைத்துப் பாதுகாத்தது. அறிவு மருத்துவரிடமே இருந்தது. முகாம் ஒரே வாரத்தில் அறிவைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. அந்த வாரத்தில் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் அறியாத உறக்கத்தை அடைந்தார்கள். மகளுக்கு இழுப்பு வந்தது, அவளே மருந்து எடுத்தாள், சரியாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டுப் பழகுவது அவர்களுக்கும் ஒரு பாடம். 1991இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகள் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரையும் எழுத்திலான செயல்திட்டத்தையும் முன்னிறுத்தியபோது, முகாமில் பழகிய பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்கவில்லை.

ஆனால் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளை நம்பவில்லை. இன்ஹேலரை அலுவலக அலமாரியில் பூட்டிவைப்பது பல இடங்களில் விதியாக இருந்தது. முகாமில் தன் மருந்தைத் தானே வைத்திருந்த பிள்ளை, பள்ளியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நடக்க வேண்டியிருந்தது. 2004இல் வந்த ஒன்றியச் சட்டம், மாணவர் தம் இன்ஹேலரைத் தாமே வைத்திருக்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நிதியுதவியில் முன்னுரிமை தந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் அந்த உரிமை உண்டு. பள்ளி திறந்து சில வாரங்களில், செப்டம்பர் நடுவில், சளிக் கிருமிகள் பரவிக் குழந்தைகளின் ஆஸ்துமா ஆஸ்பத்திரிச் சேர்க்கை ஆண்டின் உச்சத்தைத் தொடுவதால் அது சிறிய உரிமை அன்று.

முகாமின் பயனை அளக்க முயன்ற ஆய்வுகள் பல, முகாமுக்குப் பிந்தைய ஆண்டில் அவசர சிகிச்சையும் பள்ளி விடுப்பும் குறைந்ததைக் கூறுகின்றன. அவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நோய் கடுமையாக இருந்த ஆண்டில்தான் பிள்ளையை முகாமுக்கு அனுப்புவார்கள். மறு ஆண்டு ஓரளவு தானாகவே குறையும். விண்ணப்பம் நிரப்பி அனுப்பும் பெற்றோர் முன்பே அக்கறையுள்ளவர்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, இன்ஹேலரைச் சரியாக இழுக்கவும் நோயின் அறிகுறியை முன்கூட்டி அறியவும் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே.

ஒரு வாரத்தால் மாற்ற முடியாதது வீடு. பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குக் கரப்பான் பூச்சி ஒவ்வாமை இருந்தது. அந்த ஒவ்வாமையோடு படுக்கையறையில் கரப்பானும் மிகுந்திருந்தவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளும் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக் குழந்தைகளுமே அமெரிக்காவில் இந்த நோயால் அதிகம் துன்பப்படுகிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரின் ஈரத்தையும் நெடுஞ்சாலைப் புகையையும் எந்த முகாமும் போக்காது. பல முகாம்கள் கட்டணம் வாங்காமலோ உதவித்தொகையோடோ நடந்ததற்கு இந்த உணர்வே காரணம். அப்படியும் இடம் கிடைத்தவர்கள் சிலரே.

2008 முடிவில் ஓசோன் படலத்தைக் காக்க, அதை அரிக்கும் வாயுவில் இயங்கிய பழைய சால்பியூட்டமால் இன்ஹேலர்கள் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டன. காப்புரிமையுள்ள புதியவற்றின் விலை ஏறியது. முகாம்களை நடத்தும் செலவும் காப்பீடும் தொண்டர் மருத்துவர்களைத் திரட்டும் உழைப்பும் கூடின. மருந்து மேம்பட்டதால் பல பிள்ளைகள் சாதாரண முகாம்களுக்கே போகத் தொடங்கினார்கள். 2020இல் தொற்றுப் பரவலால் பல முகாம்கள் நின்றன, சில இணையவழி நடந்தன. இன்று வாரம் முழுக்கத் தங்கும் முகாம்களோடு, காலையில் வந்து மாலையில் திரும்பும் பகல் முகாம்களும் பல நோயுள்ள குழந்தைகளைச் சேர்த்து நடத்தும் முகாம்களும் இருக்கின்றன. கடும் ஆஸ்துமாவுள்ள குழந்தைகளுக்கு இரவு முழுவதும் செவிலி விழித்திருக்கும் முகாம் இன்னும் தேவைப்படுகிறது.